செம்புத் தகடு வாங்கப் போகிறீர்களா?

பரண் ஒழிக்கிற நாளில் மாமியாரும் மருமகளும் ஒரே அறையில் இருக்கலாகாது என்று நம் முன்னோர்கள் ஒரு சாஸ்திரம் எழுதி வைத்திருக்கலாம். எழுதாமல் விட்டது பெரிய குறைதான்!

எங்கள் வீட்டில் போன மாதம் பரண் ஒழித்தோம். மேலேயிருந்து ஒரு செம்புத் தவலை இறங்கியது. ஒரு காலத்தில் வீட்டுக்கே வெந்நீர் போட்ட தவலை. வாய் விளிம்பில் ஒரு நசுங்கல்; அடியில் ஓர் ஓட்டை.

"இதை எடைக்குப் போட்டுவிடலாம், அத்தை. வருகிற காசில் புதுச் செம்புத் தகடு வாங்கி, மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைக்க இரண்டு பூந்தொட்டி செய்துவிடுகிறேன்" என்றேன்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் தவலையின் விளிம்பைத் துடைத்தார். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது எனக்கு.

அவர் மௌனத்துக்குக் காரணம் உண்டு, சகோதரிகளே. அதற்கு முந்திய வருஷமும் நான் ஒரு செம்புத் தொட்டி செய்தவள். அத்தையின் பிறந்த வீட்டுக் கொல்லையிலிருந்து ஈரத்துணி சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டு வந்த கறிவேப்பிலைக் கன்றை அதில்தான் நட்டோம். நான்கே மாதத்தில் இலை மஞ்சளித்து, நுனி கருகி, கன்று போய்விட்டது. தொட்டியும் வயிறு உப்பிக்கொண்டு நின்றது. தொட்டியை வைத்த இரும்பு முக்காலியோ துருவேறிக் கால் ஒன்றை இழந்துவிட்டது.

ஒரே தொட்டியில் மூன்று தப்பு! மூன்றும் தகடு வாங்கிய அன்றே ஆரம்பித்தவை. தொட்டி செய்வது பெரிய வித்தை அல்ல. மடிக்கத் தெரிந்தால் போதும். எந்தத் தகட்டை, எதற்காக வாங்குகிறோம் என்று தெரியாமல் கடைக்குப் போவதுதான் ஆபத்து. இன்று நம்மில் பலர் மாடியிலும் பால்கனியிலும் செடி வளர்க்கிறோம். செம்புத் தொட்டியின் அழகைப் பார்த்து ஆசைப்படுகிறோம். நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இந்த வாரம் இதை எழுத உட்கார்ந்தேன்.

எண் ஏறினால் கனம் இறங்கும்

கடையில் நான் கேட்ட முதல் கேள்வி, "நல்ல கனமான தகடு இருக்கிறதா?" என்பது. "24 கேஜ் இருக்கிறது, 30 கேஜ் இருக்கிறது" என்றார்கள். 30 என்பது 24-ஐவிடப் பெரிய எண் அல்லவா? காலேஜில் படித்த மூளை உடனே கணக்குப் போட்டது. "30-ஏ கொடுங்கள்" என்றேன். விலையும் குறைவாக வந்தது. அதற்காக மனத்துக்குள் சந்தோஷப்பட்டுக் கொண்டேன்!

துணி விஷயத்தில் நமக்கு இந்தச் சங்கதி தெரியும். 80-ம் நம்பர் நூல் 40-ம் நம்பர் நூலைவிடச் சன்னமானது. தகடும் அதே மாதிரிதான். கேஜ் எண் ஏற ஏறக் கனம் இறங்கும். பிரிட்டிஷ் கேஜ் கணக்கில் 20 என்பது 0.91 மில்லிமீட்டர், 22 என்பது 0.71, 24 என்பது 0.56, 26 என்பது 0.46. நான் வாங்கிய 30 வெறும் 0.32 மில்லிமீட்டர்! நனைந்த மண்ணின் பாரம் தாங்காமல் தொட்டி உப்பியதில் ஆச்சரியம் என்ன?

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்கக் கேஜ் என்று இன்னொரு கணக்கு உண்டு. அதில் 24 என்றால் 0.51 மில்லிமீட்டர்தான். ஆகையால் கடையில் கேஜ் எண்ணைச் சொல்லிக் கேட்காதீர்கள். "எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேளுங்கள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும்.

எதற்கு எவ்வளவு கனம் வேண்டும்? ஒரு சாண் உயரத்துக்குள் அடங்கும் சின்னத் தொட்டிக்கு 0.46 போதும். ஒன்றரை அடி நீளத்தில் பெட்டி மாதிரி மடிக்கிற தொட்டிக்கு 0.56 சரியாக இருக்கும். விளிம்பை மட்டும் நன்றாக மடித்துவிட வேண்டும். இரண்டு அடிக்கு மேல் நீளமென்றால் 0.71-க்குக் குறையாதீர்கள். உருண்டையாகத் தட்டி எடுக்கிற தொட்டியானால் 0.91 நல்லது. தட்டத் தட்டச் சில இடங்களில் தகடு மெலியும். அந்த மெலிவுக்கும் சேர்த்துக் கனம் வேண்டுமல்லவா?

செம்பு எடைக்கு விற்கிற சரக்கு. விலை நாளுக்கு நாள் மாறும். ஆனால் எடைக் கணக்கு மாறாது. ஒரு சதுர அடித் தகடு 1 மில்லிமீட்டர் கனத்தில் சுமார் 830 கிராம் இருக்கும். நீளத்தையும் அகலத்தையும் அடிக் கணக்கில் பெருக்கி, மில்லிமீட்டர் கனத்தால் பெருக்கி, 830-ஆல் பெருக்கிவிட்டால் எத்தனை கிராம் என்று வந்துவிடும். சமையலறைச் சுவரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் இதையும் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் இன்னொரு லாபமும் உண்டு. கனத்தை அளக்கும் கருவி நம்மிடம் இருக்காது. ஆனால் அளவு நாடா இருக்கிறது. கடையில் தராசு இருக்கிறது. தகட்டை அளந்து, நிறுத்து, எடையை மேற்சொன்ன மாதிரி வகுத்துப் பார்த்தால் உண்மையான கனம் தெரிந்துவிடும். "இது 0.56-தான் அம்மா" என்று கடையில் சொல்வதைத் தராசும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், வாங்காமல் சிரித்த முகத்தோடு வெளியே வந்துவிடுங்கள்.

தகட்டுக்கும் பன்னா உண்டு

ரவிக்கைத் துணி வாங்கும்போது பன்னா எத்தனை என்று பார்க்காமல் வாங்குவோமா? தகட்டுக்கும் அப்படித்தான். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

18 அங்குல நீளம், 8 அங்குல அகலம், 8 அங்குல உயரத்தில் ஒரு தொட்டி செய்ய நினைக்கிறீர்கள். அடிப்பாகம், நான்கு பக்கங்கள், மேல் விளிம்பு மடிக்க அரை அரை அங்குலம் எல்லாம் சேர்த்தால் 35 அங்குலத்துக்கு 25 அங்குலத் தகடு வேண்டும். கடையில் இருப்பதோ 2 அடி அகலத் தகடு. அதாவது 24 அங்குலம். ஓர் அங்குலத்துக்காக அதைவிடப் பெரிய தகட்டை வாங்க வேண்டி வரும்!

தொட்டியின் உயரத்தில் அரை அங்குலம் குறைத்துப் பாருங்கள். 34-க்கு 24 என்று அழகாக அடங்கிவிடும். அந்த அரை அங்குலத்துக்காகச் செடி கோபித்துக் கொள்ளாது. 0.56 மில்லிமீட்டர் கனத்தில் இது 2 கிலோ 600 கிராமுக்குச் சற்று மேல். 0.71 என்றால் 3 கிலோ 300 கிராம். நான் வாங்கிய 0.32-இல் ஒன்றரைக் கிலோதான். மலிவு எங்கிருந்து வந்தது என்று புரிகிறதல்லவா?

வாங்குமுன் பழைய காலண்டர் அட்டையில் அதே அளவுக்கு வெட்டி, மடித்து, ஒரு தொட்டி செய்து பாருங்கள். அட்டையில் வரும் தப்புக்குக் காசு கிடையாது. மூலைகளில் வெட்டி எடுக்கிற சதுரத் துண்டுகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அவற்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறீர்கள். மூலையை இணைக்கும் பட்டைக்கும், செடிப் பெயர் பொறிக்கும் தகட்டுக்கும் அவை ஆகும்.

பாகுக்கு மட்டுமா பதம்?

தொட்டி செத்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பாத்திரப் பட்டறை ஒன்றுக்குப் போனேன். பட்டறைப் பெரியவர் தொட்டியை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். அது உள்ளே போய் வெளியே வந்தது, பிஸ்கட் டப்பா மூடி மாதிரி.

"இதை யாரும்மா செஞ்சது?"

"நான்தான், ஐயா."

"மடிப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தகடுதான் சரியில்ல. பதம் பாத்து வாங்கலியா?"

பதமா? ஜீனிப் பாகுக்குத்தானே பதம் கேள்விப்பட்டிருக்கிறோம்! செம்புக்கும் பதம் உண்டு என்று அவர் விளக்கினார். ஒரே கனத் தகடு மெதுவாகவும் கிடைக்கும், நடுத்தரமாகவும் கிடைக்கும், கெட்டியாகவும் கிடைக்கும். ஆலையில் உருளைகளுக்கிடையே உருட்டும்போது செம்பு இறுகுகிறது. உருட்டியதை மறுபடி காய்ச்சினால் இளகுகிறது. எவ்வளவு காய்ச்சினார்கள், பிறகு எவ்வளவு உருட்டினார்கள் என்பதைப் பொறுத்தது அதன் பதம்.

கடையில் தெரிந்துகொள்வது சுலபம். ஒரு மூலையைக் கொஞ்சம் வளைத்துப் பாருங்கள். வளைத்த இடத்திலேயே சாதுவாக நின்றால் மெதுவானது. பாதி திரும்பி வந்தால் நடுத்தரம். விறைப்பாக எழுந்து பழைய இடத்துக்கே போனால் கெட்டி. கொட்டாப்புளியால் தட்டி உருண்டை வடிவம் எடுக்க மெதுவான தகடு வேண்டும். நேராக மடிக்கிற பெட்டித் தொட்டிக்கு நடுத்தரம்தான் நல்லது. பக்கங்கள் நேராக நிற்கும். கெட்டித் தகட்டை ஒடுக்கமாக மடித்தால் மடிப்பில் வெடிப்பு விழலாம்.

மெதுவான தகடும் தட்டத் தட்ட இறுகிப்போகும். அப்போது மேலும் மேலும் அடித்துப் பயனில்லை, கீறல்தான் விடும். மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும். உருக்கைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இறுகும், செம்போ இளகும்! ஆனால் இந்த வேலையை உங்கள் சமையலறை அடுப்பில் செய்து பார்க்க வேண்டாம். பட்டறையில் கொடுத்தால் சில நிமிஷங்களில் ஆகிவிடும்.

பற்ற வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈயப் பற்றுத் தண்ணீர் கசியாமல் காக்கும்; பாரத்தைத் தாங்காது. மூலையைத் தகட்டின்மேல் தகடு ஏறும்படி மடித்து, செம்பு ஆணி அடித்து இறுக்கிய பிறகு பற்று வைப்பதுதான் முறை. மடிக்க, ஆணி அடிக்க, ஈயப் பற்று வைக்க எந்தச் செம்பும் ஆகும். பெரிய ஜ்வாலையில் பித்தளைப் பற்று வைப்பதானால் மட்டும், பாஸ்பரஸ் சேர்த்து ஆக்ஸிஜனை நீக்கிய செம்பாகக் கேளுங்கள். மின்சார வேலைக்கென்று வரும் செம்பில் துளி ஆக்ஸிஜன் இருக்கும். காஸ் ஜ்வாலை பட்டால் அது உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடைந்துவிடலாம்.

செம்புதானா அது?

செம்பு நிறமெல்லாம் செம்பல்ல. இரும்பின்மேல் செம்புப் பூச்சுக் கொடுத்த தகடு உண்டு; அலுமினியத்துக்கும் அப்படிப் பூச்சுக் கொடுப்பது உண்டு. கைப்பையில் ஒரு சின்னக் காந்தத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டாலும் வெட்டிய விளிம்பை அரத்தால் லேசாக ராவிப் பாருங்கள். உள்ளேயும் அதே ரோஜாச் சிவப்பு இருக்க வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். முன்னே சொன்ன எடைக் கணக்கும் இதைக் காட்டிக் கொடுத்துவிடும். அலுமினியம் செம்பில் மூன்றில் ஒரு பங்கு எடைகூட இராது.

"பித்தளைத் தகடு வாங்கிக் கொள்ளுங்களேன், விலை குறைவு" என்று சொல்வார்கள். பித்தளை மோசமான உலோகம் அல்ல. நம் குத்துவிளக்கே பித்தளைதான். ஆனால் செடித் தொட்டிக்கு அது ஆகாது என்பதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு கதை இருக்கிறது.

வெள்ளைக்காரர் காலத்தில் ராணுவத்தின் பித்தளைத் தோட்டாக் கூடுகளை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால், கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டிருந்தன! குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா ஆவிதான் காரணம் என்று 1921-ல் விஞ்ஞானிகள் விளக்கினார்கள். இழுத்து, மடித்து, இறுகி நிற்கிற பித்தளையில் அம்மோனியா பட்டால் அது வெடிக்கும். சாணி எருவிலும் யூரியாவிலும் அதே அம்மோனியாதான் எழுகிறது. சுத்தச் செம்புக்கு இந்த வியாதி வெகு குறைவு.

மோரும் செம்பும்

இனி நான் செய்த இரண்டாவது தப்பு. இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

கறிவேப்பிலைச் செடிக்குப் புளித்த மோர் ஊற்றினால் தழைக்கும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த கைவைத்தியம். நானும் வாரா வாரம் ஊற்றினேன். எதில்? வெறும் செம்புத் தொட்டியில்!

ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் மோர் வைக்கக் கூடாது, புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று நமக்குத் தெரியாதா? பத்து வயதில் சமையலறை வாசற்படியில் நின்றே கற்றுக் கொண்ட பாடம் அது. புளிப்புப் பட்டால் செம்பு கரையும், களிம்பு ஏறும். மாடிக்குப் போனதும் அந்தப் பாடத்தை மறந்துவிட்டேன். மோர் இல்லாவிட்டாலும், மக்குகிற எருவுக்கே புளிப்பு உண்டு. நாள்தோறும் ஈரத்தில் அது செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும்.

செம்பு செடிக்கு விரோதி அல்ல. அணுவளவு செம்பு எல்லாச் செடிக்கும் வேண்டும். அதிகமானால் விஷம். பிரான்ஸ் தேசத்துப் போர்டோ பக்கத்தில், வழிப்போக்கர்கள் திராட்சை பறிக்காதிருப்பதற்காகப் பாதையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பார்களாம். அந்தக் கொடிகளுக்கு மட்டும் பூஞ்சை நோய் வராததைக் கவனித்த மில்லார்டே என்ற தாவர நிபுணர் 1885-ல் அதை வெளியிட்டார். நம் விவசாயிகள் இன்றும் தெளிக்கிற போர்டோக் கலவை அதுதான். மயில்துத்தம் என்பது செம்பின் உப்பு. பூஞ்சையைக் கொல்லுகிற அதே செம்பு, வேரில் மிகுந்தால் வேரையும் வாட்டும். செடி மண்ணிலுள்ள இரும்புச் சத்தை எடுத்துக் கொள்ள முடியாதபடி தடுக்கும். இலை மஞ்சளிப்பது அதனால்தான். அதோடு சமையலுக்குப் பறிக்கிற இலை அல்லவா? யோசித்தால் இப்போதும் எனக்கு நடுங்குகிறது.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். செம்பு சூட்டை வெகு வேகமாகக் கடத்தும். அதனால்தான் வெந்நீர்த் தவலையைச் செம்பில் செய்தார்கள். சித்திரை வெயிலில் மேற்குப் பார்த்த சுவரோரம் நிற்கும் செம்புத் தொட்டிக்குள் வேருக்கும் அதே வெந்நீர்க் கதிதான்.

இரண்டுக்கும் ஒரே பரிகாரம். செம்பை வெளிச்சட்டையாக மட்டும் வைத்துக் கொள்ளுங்கள். உள்ளே ஒரு மண் தொட்டியையோ பிளாஸ்டிக் தொட்டியையோ செங்கல் துண்டுகளின் மேல் இறக்கி, சுற்றிலும் தேங்காய் நாரை அடைத்துவிடுங்கள். மண்ணும் செம்பும் தொடக் கூடாது. உள்தொட்டியிலும் ஓட்டை வேண்டும், செம்பிலும் ஓட்டை வேண்டும். இப்படிச் செய்தால் மண்ணின் பாரம் முழுவதும் செம்பின்மேல் விழாது. மேலே சொன்ன 0.56 கனமே தாராளமாகப் போதும். உள்தொட்டிக்கு ஆகும் அற்பக் காசை, தகட்டின் எடையில் மிச்சம் பிடித்துவிடலாம்.

ஆகையால் கடைக்குப் போகுமுன்பே உள்தொட்டியை வாங்கிவிடுங்கள். அதை அளந்து, சுற்றிலும் ஓர் அங்குலம் விட்டுச் செம்பின் அளவைத் தீர்மானியுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

இரும்போடு சேர்க்காதீர்கள்

மூன்றாவது தப்பு அந்த இரும்பு முக்காலி. செம்பும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக் கொண்டிருந்தால் ஒரு சின்ன மின்கலம் மாதிரி ஆகிவிடும். செம்பு பிழைக்கும், இரும்பு அரித்துப் போகும்.

என் முக்காலிக்கு மட்டும் நேர்ந்த விபத்து அல்ல இது. நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலைக்கும் நேர்ந்தது. 1886-ல் நிறுவிய அந்தச் சிலையின் உடல் சுமார் 300 செம்புத் தகடுகளைத் தட்டி உருவாக்கியது. கனம் 2.4 மில்லிமீட்டர்தான். உள்ளே தாங்குவது இரும்பு எலும்புக்கூடு. செம்பும் இரும்பும் தொடாதபடி இடையில் வைத்த பொருள் நாளடைவில் பழுதாகிவிட்டது. இரும்புப் பட்டைகள் துருப்பிடித்து உப்பின. 1984 முதல் 1986 வரை நடந்த பழுதுபார்ப்பில் அவற்றை எடுத்துவிட்டு எவர்சில்வர் பட்டைகளை வைத்தார்கள். செம்போ, நூறு வருஷக் கடற்காற்றில் தேய்ந்தது மிகச் சொற்பம்!

ஆகவே ஆணியும் செம்பாகவே இருக்கட்டும். திருகு வேண்டுமானால் பித்தளையில் வாங்குங்கள். விளிம்பில் கம்பி வைத்துச் சுருட்டுவதானால் செம்புக் கம்பி. தொட்டியை மரத்தின் மேலோ கல்லின் மேலோ வையுங்கள். இரும்பு முக்காலிதான் இருக்கிறது என்றால் நடுவில் தடித்த ரப்பர் போடுங்கள். துத்தநாகம் பூசிய தகரக் கூரைமேல் செம்புத் தொட்டியின் தண்ணீர் சொட்டும்படியும் வைக்க வேண்டாம். சொட்டுகிற இடம் அரித்துவிடும்.

வேலை செய்யும்போது தடித்த கையுறை போட்டுக் கொள்ளுங்கள். வெட்டிய தகட்டின் விளிம்பு அரிவாள்மணைக்கு இளைத்ததல்ல. விளிம்பு மடித்து முடியும்வரை குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

செய்து முடித்த தொட்டி முதல் வாரம் புதுச் செம்பாக மின்னும். பிறகு பழுப்பாகும், பிறகு கருக்கும். சுதந்திர தேவியும் ஆரம்பத்தில் செம்பு நிறமாகத்தான் இருந்தாள். பச்சையாவதற்குப் பல வருஷங்கள் பிடித்தன. செம்போடு களிம்பு கூடவே இருப்பது போல உயிரோடு ஆணவ மலம் இருக்கிறது என்று சைவ சித்தாந்திகள் உவமை சொல்வார்கள். உயிருக்கு அது கேடாக இருக்கலாம். வாசலில் நிற்கும் தொட்டிக்கு, மேலே படியும் அந்தப் போர்வைதான் காவல். வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்கச் செம்பு போகும். தேய்த்த தண்ணீர் மண்ணில் இறங்கினால் செடியும் போகும்.

தவலை என்ன ஆயிற்று?

எடைக்குப் போட நானே தூக்கிக்கொண்டு கிளம்பினேன். போகிற வழியில் அதே பட்டறைப் பெரியவரிடம் காட்டினேன். அவர் விளிம்பை விரலால் நெருடினார். தவலையைத் திருப்பி அடியைப் பார்த்தார்.

"இந்தக் கனத்துக்கு இப்ப தகடு வாங்கிப் பாருங்க, தெரியும். பழைய செம்புன்னு அவங்க எடுக்கிற விலை ஒண்ணு, புதுத் தகடுன்னு உங்களுக்குக் குடுக்கிற விலை ஒண்ணு. எதுக்கும்மா இதைப் போடறீங்க?"

"அடியில் ஓட்டை இருக்கிறதே, ஐயா!"

"பூந்தொட்டிக்கு ஓட்டை வேணாமா?"

நான் பதில் பேசவில்லை. எம்.ஏ. படித்தவளுக்கு அது தோன்றாமல் போயிற்றே! விளிம்பின் நசுங்கலை மட்டும் அவர் கொட்டாப்புளியால் நான்கு தட்டுத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இப்போது எங்கள் மாடியில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் நான் செய்த பெட்டித் தொட்டிகள், 0.56 மில்லிமீட்டர், நடுத்தரப் பதம், தராசில் நிறுத்துப் பார்த்து வாங்கிய தகடு. அவற்றில் மல்லிகை. நடுவில் தவலை. அதற்குள் நார் அடைத்து இறக்கிய மண் தொட்டி.

அதில் என்ன நடலாம் என்று நான் அத்தையைக் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. போன வாரம் அவர் ஊருக்குப் போய் வந்தார். கையில் ஈரத்துணிப் பொட்டலம். அதே கொல்லை, அதே மரத்தின் வேரிலிருந்து கிளம்பிய இன்னொரு கன்று.

"இந்தாம்மா, நீயே நடு" என்று என்னிடம் நீட்டினார். நட்டேன்.

"மோர் ஊற்றலாமா, அத்தை?" என்று கேட்டேன்.

"மண் தொட்டிக்குள்ளே மட்டும் கொஞ்சமா ஊத்து. செம்பிலே படாம" என்றார்.